30 டாலர் பொட்டலமா, 80 டாலர் முழுக் கோப்பா? அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் நகல் சேவை ஒரு மதிப்பீடு

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்து, 1865-ல் ஊர் திரும்பி, உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக உட்கார்ந்து சட்டம் படித்து, வக்கீலாக வழக்காடும் உரிமையான சன்னது வாங்கி, சில ஆண்டுகளில் சட்டமன்றத்துக்கோ வாஷிங்டனுக்கோ தேர்வாகிப் போனவர்கள் ஒரு தலைமுறை அளவுக்கு இருக்கிறார்கள். வில்லியம் மெக்கின்லி அப்படி வந்தவர்தான். 1861 ஜூனில் ஒஹாயோ 23-ஆவது காலாட்படை ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாய், 1867-ல் வழக்கறிஞர், 1877-ல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், கடைசியில் குடியரசுத் தலைவர். நார்வேயில் பிறந்து, சிறுவயதில் தாயோடு கப்பலேறி வந்த கனூட் நெல்சன் இன்னொருவர். விஸ்கான்சின் 4-ஆவது ரெஜிமென்டில் இருந்தபோது 1863-ல் போர்ட் ஹட்சனில் காயம்பட்டு எதிரியிடம் சிக்கினார். 1867-ல் வக்கீல், 1868-ல் விஸ்கான்சின் சட்டமன்றம், பிறகு மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்து ஆளுநர், 1923-ல் இறக்கும்வரை செனட்டர். இந்த இருவருக்கும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. இதே பாதையில் நடந்து, மாநிலச் சட்டமன்றத்தில் ஓரிரு தவணை இருந்துவிட்டு மறக்கப்பட்டவர்களுக்கு அது கிடையாது.

அப்படி ஒருவரின் வாழ்க்கையைத் தேடுகிறவர் முதலில் கையில் எடுப்பது கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) வரலாற்றுப் புத்தகங்களையும் காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பழைய கையேடுகளில் உள்ள குறிப்புகளையும். இரண்டிலும் ஒரே சிக்கல்: பெரும்பாலும் அவரே கொடுத்த தகவல், அவரே விரும்பிய வரிசை. அவர் சத்தியம் செய்து சொன்னது, அவர்மீது மற்றவர்கள் சத்தியம் செய்து சொன்னது, மருத்துவர்கள் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்து எழுதியது எல்லாம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அது ராணுவப் பென்ஷன் கோப்பு. அதன் நகலை உலகின் எந்த மூலையிலிருந்தும் வரவழைக்க வழி அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய வழி ஆர்டர் சேவை. காசு கொடுக்கும் இடத்தில் தவறான பெட்டியை டிக் செய்துவிட்டு, வந்த எட்டுத் தாளை முழுக் கோப்பு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் இந்த மதிப்பீடு.

சேவையின் அமைப்பு எளிது. படிவம் 86 என்பது தொண்டர் படைச் சிப்பாயின் தொகுக்கப்பட்ட பணிப் பதிவுக்கு, அதாவது ஓர் உறையில் போட்டு வைத்த அவருடைய பணி அட்டைகளுக்கு. கட்டணம் 30 டாலர். படிவம் 85 பென்ஷனுக்கு. அதில்தான் இரண்டு வகை: உள்நாட்டுப் போர்க் காலம் தொட்டு வரும் முழுக் கோப்பு 80 டாலர், 'பென்ஷன் ஆவணப் பொட்டலம்' 30 டாலர். 80 டாலரில் 100 பக்கம் வரை அடக்கம். அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். 160 பக்கக் கோப்பு என்றால் 80 டாலரோடு 42 டாலர் சேர்ந்து 122 ஆகும். கூடுதல் பக்கத்துக்கான தொகையைத் தனியாகத் தெரிவித்து, சம்மதம் வந்த பிறகே நகலெடுப்பார்கள். ஆகவே அந்த மின்னஞ்சலைக் கவனிக்காமல் விட்டால் ஆர்டர் அப்படியே நின்றுவிடும். பணம் கட்டுவதற்கு முன் ஆர்டர் பக்கத்தில் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஆர்டர் பக்கத்துக்கு நேராகப் போகக் கூடாது. முதலில் செய்ய வேண்டிய வேலை இலவசம். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் சிப்பாய்கள், மாலுமிகள் தரவுத்தளத்தில் 63 லட்சம் பெயர்ப் பதிவுகள் இருக்கின்றன. இரு தரப்புப் படைகளும் அதில் உண்டு. அங்கே பெயர், ரெஜிமென்ட், அதன் உட்பிரிவான கம்பெனி, சேர்ந்தபோதும் விலகியபோதும் இருந்த பதவி கிடைக்கும். ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள், அஞ்ச வேண்டாம். கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே ஊரிலோ ஒரே கவுன்ட்டியிலோ திரட்டப்பட்டவை. அவர் 1861-ல் எந்த ஊரில் இருந்தார் என்று தெரிந்தால் பத்து, இரண்டாகச் சுருங்கிவிடும்.

ரெஜிமென்ட் பெயரில் ஒரு பொறி உண்டு. நெல்சன் சேர்ந்தது விஸ்கான்சின் 4-ஆவது காலாட்படை. அந்த ரெஜிமென்ட் 1863-ல் குதிரைப் படையாக மாற்றப்பட்டது. ஆகவே தரவுத்தளத்தில் 4-ஆவது விஸ்கான்சின் குதிரைப்படை என்று தேடினால்தான் ஆட்கள் வருவார்கள். ஒஹாயோவிலும் இலினாயிலும் 1861 ஏப்ரலில் மூன்று மாதத்துக்கு என்று திரட்டிய ரெஜிமென்ட்கள் கலைக்கப்பட்டு, அதே எண்ணில் மூன்று ஆண்டு ரெஜிமென்ட்கள் மறுபடி உருவாயின. இரண்டிலும் இருந்தவருக்கு இரண்டு தனிப் பணிப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்டர், தனி 30 டாலர். ஒரு ரெஜிமென்டின் உறையில் மற்றொன்றின் அட்டைகள் இருக்காது. பதவி உயர்ந்து கறுப்பினத்தவர் படைப்பிரிவுக்கு அதிகாரியாகப் போன வெள்ளைச் சிப்பாய்கள் நிறைய. அவர்களுக்கும் இதே கதை: பழைய ரெஜிமென்டின் உறை 'பதவி உயர்வுக்காக விடுவிக்கப்பட்டார்' என்று முடியும், மிச்சம் வேறொரு உறையில் தொடரும்.

அடுத்தது பென்ஷன் அட்டவணை. 1861 முதல் 1934 வரையான பொது அட்டவணை, டி288 என்ற எண்ணில் மைக்ரோஃபிலிம் ஆனது. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் வாரியாக அடுக்கியது இது. டி289 என்பது ரெஜிமென்ட், கம்பெனி வாரியாக அடுக்கியது. பெயரின் எழுத்துக்கூட்டல் குழப்பமாக இருக்கும்போது இரண்டாவதுதான் கைகொடுக்கும். கம்பெனியில் உள்ள எல்லாரையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடலாம். குடியேறி வந்தவர்களின் பெயர்கள் எழுத்தரின் காதுக்கு எட்டியபடி எழுதப்பட்டிருப்பதால் இது வெறும் வசதியல்ல, தேவை.

டி288-ல் ஒவ்வொருவருக்கும் உள்ள சிறிய அட்டையை நிதானமாகப் படிக்க வேண்டும். மேலே சிப்பாயின் பெயர், அதற்குக் கீழே சார்ந்திருந்தவரின் பெயர், பணியாற்றிய பிரிவு. கீழே ஒரு சிறு கட்டம்: மனுச் செய்த தேதி, வகை, மனு எண், சான்றிதழ் எண், மனுச் செய்த மாநிலம். முதல் வரியில் 'இன்வேலிட்' (ஊனமுற்றவர்) என்று இருந்தால் சிப்பாயே கேட்டது; இரண்டாவது வரி விதவைக்கு; மூன்றாவது மைனர் குழந்தைகளுக்கு. மனு எண் மட்டும் இருந்து சான்றிதழ் எண் காலியாக இருந்தால் பென்ஷன் வழங்கப்படவில்லை என்று பொருள். அந்தக் கோப்பையும் ஆர்டர் செய்யலாம், செய்யவும் வேண்டும். மறுக்கப்பட்ட மனுக்களில் சண்டை அதிகம், சண்டை இருக்கும் இடத்தில்தான் வாக்குமூலங்கள் அதிகம்.

விதவைக்குப் பென்ஷன் கிடைத்திருந்தால், கணவரின் காகிதங்கள் எல்லாம் அவருடைய கோப்போடு சேர்க்கப்பட்டு விதவையின் சான்றிதழ் எண்ணின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். ஆர்டர் படிவத்தில் கணவரின் எண்ணை மட்டும் எழுதி விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அட்டையில் உள்ள எல்லா எண்களையும் எழுதுங்கள். 'எக்ஸ்சி' என்று தொடங்கும் எண் இருந்தால் அதை முதலில் எழுதுங்கள். அந்தக் கோப்புகள் பிற்காலம் வரை நடப்பில் இருந்தவை, மற்றவற்றோடு ஒரே அடுக்கில் இல்லை.

மனுத் தேதியே பாதிக் கதையைச் சொல்லும். 1879 ஜனவரியில் வந்த நிலுவைச் சட்டப்படி, 1880 ஜூலை 1-க்குள் மனுச் செய்தவருக்குப் பென்ஷன் படையிலிருந்து விலகிய நாளிலிருந்து கணக்கிட்டுக் கிடைத்தது. பதினைந்து ஆண்டு நிலுவை மொத்தமாகக் கைக்கு வரும் என்பதால் அதுவரை கேட்காதவர்களும் கேட்டார்கள். 1890 ஜூனில் வந்த சட்டம் 90 நாள் பணி இருந்தால் போதும், ஊனம் போரில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை என்றது. அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் மனுக்கள் குவிந்தன. 1907 சட்டம் வயதையே காரணமாக ஏற்றுக்கொண்டது: 62 வயதுக்கு மாதம் 12 டாலர், 70-க்கு 15, 75-க்கு 20. ஒரு வக்கீல் 1865-லேயே மனுச் செய்தாரா, 1879-ல் செய்தாரா, 62 ஆகும்வரை காத்திருந்தாரா என்பது அவர் கைநிலையையும் தன்மானத்தையும் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்கிறது. தேர்தல் மேடையில் பென்ஷன் பட்டியலைத் தாக்கிப் பேசியவராக இருந்தால் இந்தத் தேதி இன்னும் முக்கியம்.

இனி ஆர்டர்கள். படிவம் 86-ல் வரும் பணிப் பதிவைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அது போர்க்களத்தில் எழுதப்பட்ட ஆவணம் அல்ல. 1890-களில் போர்த் துறையின் பதிவு, பென்ஷன் அலுவலகத்தில் ஃப்ரெட் ஐன்ஸ்வொர்த் என்ற அதிகாரியின் கீழ், எழுத்தர்கள் மஸ்டர் ரோல்கள் எனப்படும் படை வருகைப் பட்டியல்களையும் மருத்துவமனைப் பட்டியல்களையும் பார்த்து ஆள்வாரியாக அட்டையில் பெயர்த்தெழுதினார்கள். ஒவ்வொரு அட்டையும் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்று: 'நவம்பர், டிசம்பர் 1862, வந்திருந்தார்' அல்லது 'வரவில்லை', அதற்குக் கீழே குறிப்பு. பணியில் சேர்ந்த அட்டையில் வயது, உயரம், கண் நிறம், முடி நிறம், பிறந்த இடம், தொழில் இருக்கும். பின்னாளில் பெரிய வக்கீலானவரின் தொழில் கட்டத்தில் 'விவசாயி' என்றோ 'மாணவர்' என்றோ 'ஆசிரியர்' என்றோ இருக்கும். போருக்கு முன்பே சட்டம் படித்துக்கொண்டிருந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கட்டம்தான் முதல் இடம். 'ஊக்கத்தொகை கொடுத்தது 25 டாலர், பாக்கி 75' என்ற வரியும் அடிக்கடி வரும். அரசு வாக்களித்த 100 டாலரில் முன்பணம் போக மிச்சம் அது.

அதிகாரியாக உயர்ந்தவரின் உறை சிப்பாயின் உறையைவிடக் கனமாக இருக்கும். விடுப்பு விண்ணப்பம், மருத்துவர் சான்று, ராஜினாமாக் கடிதம் எல்லாம் அசலாகவே உள்ளே வைக்கப்பட்டிருக்கும். ராஜினாமாக் கடிதம் கிடைத்தால் அது பெரிய லாபம். 'நாட்டுக்காகக் கடைசிவரை நின்றேன்' என்று கவுன்ட்டி வரலாற்றில் இருக்கிறவர், 1863-ல் தந்தையின் கடனைக் காட்டி விலக அனுமதி கேட்டிருக்கக்கூடும். அதில் குற்றம் இல்லை, ஆனால் அது வாழ்க்கை.

பதவிப் பெயரில் எச்சரிக்கை வேண்டும். மெக்கின்லியை ஊரே 'மேஜர்' என்றது. அவருடைய மேஜர் பதவி 1865 மார்ச் 13 தேதியிட்ட பிரெவெட், அதாவது கௌரவப் பதவி. முறையான பதவி கேப்டன். போர் முடியும் தறுவாயில் இப்படிக் கௌரவப் பதவிகள் வாரி வழங்கப்பட்டன. அது பென்ஷன் தொகையைக் கூட்டாது, சம்பளத்தையும் கூட்டாது. 1862 சட்டப்படி முழு ஊனத்துக்கு லெப்டினன்ட் கர்னலும் அதற்கு மேலும் மாதம் 30 டாலர், மேஜருக்கு 25, கேப்டனுக்கு 20, முதல் லெப்டினன்டுக்கு 17, இரண்டாம் லெப்டினன்டுக்கு 15, சிப்பாய்க்கு 8. ஊனம் ஏற்பட்ட நாளில் அவர் உண்மையில் எந்தப் பதவியில் இருந்தார் என்பதே கணக்கு. ஆகவே தொகையைப் பார்த்தே பதவியைச் சரிபார்த்துவிடலாம். 1890 சட்டத்தில் பதவி வேறுபாடே கிடையாது: எல்லாருக்கும் 6 முதல் 12 டாலர் வரை. கால் பங்கு ஊனமென்று 5 டாலர் வாங்கிக்கொண்டிருந்த கேப்டன், புதுச் சட்டத்தின் கீழ் மாறிக்கொண்டதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பென்ஷன் கோப்புக்கு வருவோம். இதுதான் மையம். 30 டாலர் பொட்டலத்தில் குடும்ப மரம் தேடுவோருக்குப் பயன்படக்கூடிய ஆவணங்களாகப் பார்த்து எட்டு வகைகளைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார்கள்: சிப்பாயின் மனு, விதவையின் மனு, பணி பற்றிய போர்த் துறைச் சான்று, குடும்ப விவரப் படிவம், பென்ஷன் பட்டியலிலிருந்து நீக்கிய அட்டை, திருமணச் சான்று, இறப்புச் சான்று, விலகல் சான்று. கோப்பில் இருப்பவை மட்டும் வரும். தாத்தாவின் பிறந்த தேதியும் பாட்டியின் பெயரும் போதும் என்பவருக்கு இது சரியான பண்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வக்கீலாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த ஒருவரின் வாழ்க்கையை எழுத நினைப்பவருக்கு இது பயன்படாது. அவருக்கு வேண்டியவை எல்லாம் இந்த எட்டுக்கு வெளியே கிடக்கின்றன.

வெளியே கிடப்பவை என்ன? முதலாவது, மருத்துவர்களின் சான்றிதழ். மூன்று மருத்துவர் கொண்ட வாரியம் மனுதாரரைப் பரிசோதித்து எழுதும் அச்சுப் படிவம். அதில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் கோட்டோவியமாக இருக்கும். தழும்பு எங்கே, குண்டு நுழைந்த இடம் எங்கே என்று மையால் குறிப்பார்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு இருக்கும். ஊனத்தின் அளவைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று மதிப்பிடுவார்கள்: 6/18, 8/18 என்று. ஒருவர் பத்து முறை பரிசோதிக்கப்பட்டிருந்தால் பத்துத் தாள். முப்பது ஆண்டுகளில் ஒரு மனிதனின் உடல் எப்படித் தளர்ந்தது என்பது அதில் வரிசையாகத் தெரியும். நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் நின்று வாதாடியவர் என்று பத்திரிகை புகழ்ந்த அதே ஆண்டில், இடது கால் வீங்கி நிற்க முடியவில்லை என்று வாரியம் எழுதியிருப்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். நன்றாகச் சம்பாதிக்கும் வக்கீலுக்கு ஊனப் பென்ஷன் எப்படி? சட்டம் அளந்தது வருமானத்தை அல்ல, உடலுழைப்புக்கான திறனை. கலப்பை பிடிக்க முடியுமா, கோடாலி தூக்க முடியுமா என்பதே கேள்வி. வாயாலும் பேனாவாலும் பிழைப்பவர் ஆயிரம் சம்பாதித்தாலும் மதிப்பீடு மாறாது. இதைப் புரிந்துகொள்ளாமல் கோப்பைப் படித்தால் அவரை மோசடிக்காரர் என்று எழுதிவிடுவோம், அது அநியாயம்.

இரண்டாவது, பிரமாணப் பத்திரங்கள். கூட இருந்த சிப்பாய்கள், அண்டை வீட்டார், குடும்ப மருத்துவர், சட்ட அலுவலகப் பங்குதாரர் எல்லாரும் எழுதிக் கொடுத்தவை. 1890 சட்டம், ஊனம் மனுதாரரின் தீய பழக்கத்தால் வந்ததாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தது. அதனால் 'இவரை இருபது ஆண்டாகத் தெரியும், குடிப்பழக்கம் இல்லை' என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்த தாள்கள் கோப்பில் இருக்கும். அப்படி எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். அவருக்கு வாக்குத் திரட்டியவர்கள், அவரிடம் வழக்குக் கொடுத்தவர்கள், அவரோடு ஒரே கம்பெனியில் நடந்தவர்கள் என்று அவருடைய ஊர் முழுவதும் அந்தக் கையெழுத்துகளில் எழுந்து வரும்.

மூன்றாவது, சந்தேகம் வந்தபோது பென்ஷன் துறை அனுப்பிய சிறப்பு விசாரணை அதிகாரியின் வாக்குமூலத் தொகுப்பு. எல்லாக் கோப்பிலும் இருக்காது. இருந்தால் அதுவே பொக்கிஷம். 'வாக்குமூலம் ஏ' என்று மனுதாரரிடம் தொடங்கி, பி, சி என்று சாட்சிகள் தொடர்வார்கள். ஒவ்வொன்றும் வயது, தொழில், முகவரியோடு ஆரம்பிக்கும். பிறந்த ஊர், பள்ளி, எங்கே யாரிடம் சட்டம் படித்தார், எந்த ஆண்டு எந்த ஊருக்கு மாறினார் என்று எழுத்தர் பேச்சுவாக்கில் எழுதிக்கொண்டே போவார். வாழ்நாளெல்லாம் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர் தானே சாட்சியாக உட்கார்ந்து பதில் சொல்கிற குரலை இந்தத் தாள்களில் கேட்கலாம்.

குடும்ப விவரப் படிவம் பொட்டலத்திலும் வரும் என்றாலும் அதைப் பற்றி ஒரு சொல். 1898-லும் 1915-லும் பென்ஷன் துறை எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: மனைவியின் முழுப் பெயர், மணமாகும் முன் இருந்த பெயர், எங்கே எப்போது யார் திருமணம் செய்துவைத்தார், அதன் பதிவு எங்கே, முன்பு திருமணம் ஆனதுண்டா, உயிருடன் உள்ள பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் என்ன. மனுதாரரின் சொந்தக் கையெழுத்தில் பதில் இருக்கும். தேர்தல் பிரசுரங்களில் விடுபட்ட முதல் மனைவி இங்கே ஒரு வரியாக வந்து நிற்பது அபூர்வம் அல்ல.

நான்காவது விஷயம் கோப்புக்கு வெளியே போகிறது. போர் முடிந்து சன்னது வாங்கிய இளம் வக்கீலுக்குக் கிடைத்த முதல் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் தன் கம்பெனியின் பழைய தோழர்கள்தான். அவர்களுக்குப் பென்ஷன் மனு எழுதிக் கொடுப்பதே முதல் தொழில். கட்டணத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருந்தது. வழக்கமான தொகை 10 டாலர். ஆகவே அவருடைய தொழில் வாழ்க்கையின் தடயம் மற்றவர்களின் கோப்புகளில் கிடக்கிறது. டி288 அட்டையின் அடியில் 'அட்டர்னி' என்று ஒரு வரி உண்டு. டி289-ல் கம்பெனி முழுவதையும் எடுத்து, அந்தப் பெயர்களை டி288-ல் பார்த்துக்கொண்டே போனால் அவர் பெயர் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கலாம். மெதுவான வேலை, ஆனால் செலவில்லை. வக்கீலின் பெயர் வாரியாக இந்த அட்டவணையில் தேட வழி இல்லை.

மத்திய அரசை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலப் படையில் இருந்தவர் என்றால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் கொடுக்கவில்லை. அந்தந்தத் தென்மாநிலம் கொடுத்தது, கோப்புகள் அந்த மாநிலக் காப்பகத்தில் இருக்கும். படிவம் 85 அனுப்பிப் பயனில்லை. அவர்களுடைய பணிப் பதிவுகள் மைக்ரோஃபிலிம் ஆகி, ஃபோல்ட்3 தளத்தில் படமாகவே கிடைக்கின்றன. அதற்கு 30 டாலர் கட்ட வேண்டாம். அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது மன்னிப்பு மனு. 1865 மே 29 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் வெளியிட்ட பொதுமன்னிப்பில், 20,000 டாலருக்கு மேல் வரிக்குரிய சொத்து உள்ளவர்களும் உயர் அதிகாரிகளும் சேர்க்கப்படவில்லை. அவர்கள் தனித்தனியாக மனு எழுத வேண்டியிருந்தது. வக்கீல்கள் எழுதிய அந்த மனுக்கள் வாதத் திறமைக்கு நல்ல மாதிரிகள். அரசியல் சாசனத்தின் பதினான்காம் திருத்தத்தின் மூன்றாம் பிரிவால் பதவி வகிக்கத் தடைபட்டவர்கள் 1872 பொதுமன்னிப்புச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். சட்டமன்றத்துக்கு அவர் எந்த ஆண்டில் மீண்டார் என்பதை இந்தத் தேதியோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

சேவை தராதவற்றையும் சொல்லியாக வேண்டும். படிவம் 86-ல் தொண்டர் படைகள் மட்டுமே. நிரந்தர ராணுவத்தில் இருந்தவருக்கு இப்படித் தொகுத்த உறையே கிடையாது, ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் ஒரு வரிதான். மருத்துவமனை அட்டைகள் பணிப் பதிவோடு தானாக வராது. தனியாகக் கேட்க வேண்டும். ராணுவ நீதிமன்ற வழக்குகள் முற்றிலும் வேறு தொகுதி. பணிப் பதிவில் 'கைதில்' என்ற ஒரு சொல் வந்தால் அதைப் பின்தொடர்ந்து ராணுவ நீதிமன்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும். பின்னாளில் வக்கீலானவர் அங்கே தனக்காகத் தானே வாதாடியிருந்தால் அதுவே அவருடைய முதல் வழக்கு.

வக்கீலாகப் பதிவான நாள் இந்தக் காப்பகத்தில் கிடைக்காது. அன்று சட்டக் கல்லூரிக்குப் போனவர்கள் குறைவு. ஒரு வக்கீலிடம் படித்து, நீதிபதி நியமித்த சிலர் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, நீதிமன்ற ஆணைப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினால் சன்னது. அந்தப் புத்தகம் கவுன்ட்டி நீதிமன்றத்திலோ மாநிலக் காப்பகத்திலோ இருக்கும். மத்திய நீதிமன்றங்களில் வழக்காடப் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவேடுகள் காப்பகத்தின் மண்டலக் கிளைகளில் உண்டு. ஒஹாயோ, இண்டியானா, இலினாய், மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா ஆகியவற்றுக்குச் சிகாகோ கிளை.

சட்டமன்றப் பகுதிக்குப் பெரும்பாலும் காசே வேண்டாம். காங்கிரசில் அவர் பேசியது 1873 வரை 'குளோப்' தொகுதிகளிலும் பிறகு 'காங்கிரஷனல் ரெக்கார்டு' தொகுதிகளிலும் இணையத்தில் இலவசம். அவர் கொண்டுவந்த தனிநபர் பென்ஷன் மசோதாக்களைத் தேடுங்கள். துறை மறுத்த மனுவுக்குக் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுப் பென்ஷன் கொடுக்கலாம். இப்படி வந்தவற்றில் 200-க்கும் மேற்பட்டவற்றைக் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட் தன் முதல் தவணையிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார். பிரதிநிதிகள் சபையில் இவை ஊனப் பென்ஷன் குழுவுக்குப் போகும். குழுவின் காகிதங்கள் அதே காப்பகத்தின் சட்டமன்ற ஆவண மையத்தில் இருக்கின்றன. அவர் யாருக்காக மசோதா கொண்டுவந்தாரோ அந்தச் சிப்பாயின் ரெஜிமென்டையும் பார்த்துவிடுங்கள். பல நேரம் அது அவருடைய சொந்த ரெஜிமென்டாக இருக்கும்.

நகல் வாங்கும்போது காகிதமா டிஜிட்டலா என்று கேட்கும் இடத்தில் டிஜிட்டலையே தேர்ந்தெடுங்கள். பென்ஷன் காகிதங்கள் மூன்றாக மடித்து அரை நூற்றாண்டு கட்டில் இருந்தவை. மடிப்பில் எழுத்து மங்கியிருக்கும், பென்சில் குறிப்புகள் இருக்கும். திரையில் பெரிதாக்கினால் தெரிவது காகித நகலில் கறையாகிவிடும். மடித்த தாளின் வெளிப்புறத்தில் பெறப்பட்ட தேதி முத்திரையும் வக்கீல் பெயரும் இருக்கும் என்பதால், தாளின் இருபுறமும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கோப்பு கிடைக்கவில்லை என்றால் கட்டணம் எடுப்பதில்லை. காத்திருப்பு வாரக்கணக்கில் போகும். அவசர வேலைக்கு இந்தச் சேவையை நம்பக் கூடாது.

வாஷிங்டனுக்குப் போக முடிந்தவருக்கு இன்னொரு வழி: பென்சில்வேனியா அவென்யூவில் உள்ள காப்பகக் கட்டடத்தில் படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டையைக் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசம், கோப்பை மேசையில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் தன் கேமராவிலேயே எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு கோப்புகள் தேவைப்படும்போது இதுவோ, அங்கேயே இருக்கும் ஆய்வாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்து எடுக்கச் சொல்வதோ சிக்கனம். ஒரே ஒரு மனிதரைத் தேடுகிறவருக்கு 80 டாலர் ஆர்டரே போதும். கையில் பணம் ஒரு ஆர்டருக்கு மட்டுமே என்றால், படிவம் 86-ஐத் தள்ளிவைத்துவிட்டு முழுப் பென்ஷன் கோப்பையே வாங்குங்கள். பணி பற்றிய போர்த் துறைச் சான்று பெரும்பாலும் அதற்குள் இருக்கும்.